எந்த மலை, எத்தனையாவது நிரை

“எண்பதாம் பக்கத்துக்கு வாங்க” என்றேன். நாங்கள் இருந்தது நான்கே பேர். நான்கு பேரும் கதையின் நான்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தோம். என் டேப்லெட்டில் கதாநாயகி மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரரின் செல்போனில் அவளுக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை. டீ பேக்டரி கணக்கர் மடிக்கணினி வைத்திருந்தார். அதில் அவளே மாமியாராகிவிட்டாள். அக்காவின் கையிலிருந்த மின்நூல் ரீடரிலோ அவள் ரெட்டை ஜடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். புத்தகம் ஒன்றுதான். அதை மின்நூலாக்கிக் கொடுத்தவளும் நான்தான். கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், தட்டிலிருந்த வர்க்கி பிஸ்கட்டை எடுத்து நொறுக்கினேன்.

எனக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறி வந்தால் மாடியில் என் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, டீத்தூள் பாக்கெட்டுக்கு லேபிள், கோயில் திருவிழா நோட்டீஸ், கோயமுத்தூர் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கம் என்று எல்லாம் செய்வேன். கல்யாணமாகிக் கோயமுத்தூரிலிருந்து மலையேறி வந்த நாள் முதல் பக்கம் கட்டுவதுதான் பிழைப்பு. ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் அநாதையாக நின்றால் எனக்குச் சோறு இறங்காது. பக்கம் என்பது எனக்கு அவ்வளவு முக்கியம். அப்படிப்பட்டவளிடம் வந்து, இனிமேல் பக்கமே கிடையாது என்றால் எப்படி இருக்கும்?

மின்நூல் என்பது கிட்டத்தட்ட அதுதான். புத்தகத்தைக் கூழாகக் காய்ச்சி வைத்துவிட வேண்டும். யார் எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறார்களோ அந்தப் பாத்திரத்தின் வடிவத்துக்கு அது வந்துவிடும். சின்னத் திரையில் சின்னப் பக்கம், பெரிய திரையில் பெரிய பக்கம். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் குட்டி போடும். நான் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளி, ஓரம், தலைப்பெழுத்து எல்லாவற்றையும் அந்தக் கருவிகள் ஒரு மரியாதைக்குக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கோப்பு வகை. ஒன்று இ-பப் கேட்கும். இன்னொன்று தன் வீட்டுச் சமையலைத் தவிர வேறு எதையும் தொடாது. நாம் அனுப்பியதை வாங்கி, தன் ருசிக்கு மாற்றிக்கொண்டுதான் திறக்கும்.

இந்தக் கண்றாவிக்குள் நாங்கள் ஏன் போய் விழுந்தோம் என்றால், அக்காவுக்காக.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. கோத்தகிரி ரோட்டில் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தோட்டம் ஒன்றிலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். தம் பெயர்த்திக்கு முதல் பிறந்தநாள் அழைப்பிதழ் அடிக்கக் கடைக்கு வந்தார். நான் அடித்துக் கொடுத்த அழைப்பிதழில் ஒரு குறையும் சொல்லாமல், என் மேசையிலிருந்த நாவலை எடுத்து, நின்ற நிலையிலேயே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு குரல். வரிசையில் நிற்கும் நூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகிய குரல். தாழ்வாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் உள்ளே வந்து, அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்டார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகம் தொடங்கியது அப்படித்தான். பிறகு லேபிள் விஷயமாக வந்த கணக்கரும் சேர்ந்துகொண்டார்.

கடைக்கு விடுமுறையான ஞாயிறு மத்தியானம் கூடுவோம். ஒருவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் தங்கள் கையிலிருக்கும் பிரதியில் வரி வரியாகக் கூடவே வருவார்கள். படிப்பவர் களைத்ததும் நிறுத்துவார். அடுத்தவர் அந்த இடத்திலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பிரதி இல்லாமல் வந்து சும்மா கேட்டுவிட்டுப் போவதற்கு இடமில்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவர் அக்கா. கேட்க மட்டும் வேண்டுமென்றால் வீட்டில் ரேடியோ இருக்கிறது, இங்கே வருகிறவருக்குக் கையில் புத்தகமும் வாயில் குரலும் வேண்டும் என்பது அவர் கட்சி. ஒருமுறை கணக்கர் பிரதியை மறந்துவிட்டு வந்தார் என்பதற்காக அவரைப் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பியவர் அவர். கணக்கரும் முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் வந்தது. போன பார்வை போனதுதான், மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். அச்சுப் புத்தகம் அவர் கையை விட்டுப் போயிற்று. வெளிநாட்டிலிருக்கும் மகன் ஒரு ரீடர் அனுப்பினான். அதில் எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். அக்கா ஒரு திரைக்கு ஏழெட்டு வரி இருக்கும்படி வைத்துக்கொண்டார். உடனே நாங்களும் அச்சுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மின்நூலுக்கு மாறினோம். உரிமை நாட்டுடைமை ஆகிவிட்ட பழைய நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். யார் வேண்டுமானாலும் மின்நூலாக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முதல் நாளே அக்கா, கடைசி அத்தியாயம் தம்முடையது என்று முன்பதிவு செய்துகொண்டார். சின்ன வயதில் அவர் அம்மாவுக்குப் படித்துக்காட்டிய நாவலாம் அது.

முதல் கோப்பை நான் செய்து கொடுத்தபோது பேக்கரிக்காரரின் போனில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. அவர் அதைப் பார்த்து, நல்ல பிஸ்கட் அச்சு என்றார். அக்காவின் ரீடரில் எழுத்து வந்தது. ஆனால் தடித்த எழுத்தாக மாற்றியதும் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனிக்குடித்தனம் போயின. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே புதைத்து வைத்து, அதையும் சரிக்கட்டினேன். எல்லாம் சரியாகி, எல்லோரும் கருவியும் கையுமாக உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான், ஒத்திகை பார்க்க ஏதோ ஒரு பக்கம் என்று நான் பெருமையாக எண்பதாம் பக்கத்துக்குக் கூப்பிட்டது.

அன்று முழுக்க ஒருவரையொருவர் தேடியே பொழுது போயிற்று. கணக்கர் தன் திரையை மேசைமேல் திருப்பி வைத்து, இந்த வரி யாருக்காவது தெரிகிறதா என்று ஏலம் விட்டார். அடுத்த வாரங்களும் அப்படித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. கூழும் வேண்டாம், குழம்பும் வேண்டாம் என்று முடிவு செய்து, முழு நாவலையும் பிடிஎஃப் ஆக்கினேன். பிடிஎஃப் என்றால் பக்கத்தைப் படம் பிடித்துச் சட்டம் போட்ட மாதிரி. எந்தக் கருவியில் திறந்தாலும் எண்பது எண்பதுதான். ஓரம், இடைவெளி, அத்தியாயத் தலைப்பில் ஒரு சின்னத் தேயிலைக் கொழுந்து என்று என் கைவரிசை எல்லாவற்றையும் இறக்கினேன். என் ஊட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெடவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எண்பதாம் பக்கம் என்றேன். எல்லோரும் எண்பதில் இருந்தார்கள். கணக்கர் கைதட்டினார். பேக்கரிக்காரர் போனைக் குறுக்காகத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பரவாயில்லை என்றார். அக்காவும் நன்றாக இருக்கிறது என்றார். நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வாரம் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தன் முறையைப் பேக்கரிக்காரருக்குத் தள்ளிவிட்டார். மழைக்காலம்தானே என்று நினைத்தோம். அதற்கடுத்த வாரமும் தொண்டை. பேக்கரிக்காரர் ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். கணக்கர் மிளகு கொண்டுவந்தார். நான் சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தேன். அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ரீடரை மடியில் வைத்து, கணக்கர் படிக்கப் படிக்க, சரியான இடங்களில் தலையாட்டினார், சரியான இடங்களில் சிரித்தார்.

அன்று நான் டீ ஊற்ற எழுந்து அவர் பின்பக்கமாகப் போனேன். அவர் மடியிலிருந்த திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். அதில் நாவல் இல்லை. தொடாமல் வைத்தால் அந்த ரீடர் தூங்கிவிடும். தூங்கும்போது ஏதோ ஒரு பேனாப் படத்தைக் காட்டும். அந்தப் பேனாப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் நின்றதை அவர் உணர்ந்துவிட்டார். மற்ற இருவரும் கீழே போன பிறகு ரீடரைத் தட்டி எழுப்பி என்னிடம் நீட்டினார். என் அழகான எண்பது, அதாவது அன்று படித்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அவர் திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கத் திரையை விரித்தால் பக்கத்தின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வரியையும் படிக்கத் திரையை வலப்பக்கம் தள்ளி, மறுபடி இடப்பக்கம் இழுக்க வேண்டும். பார்வை நன்றாக இருக்கும் என்னாலேயே இரண்டு வரி படிக்க முடியவில்லை.

“முந்தின மாதிரி கூழாவே குடுத்துடறேனுங்க” என்றேன்.

“அதுலயும் எனக்கு ஏலாது தங்கச்சி” என்றார் அக்கா. “கொஞ்ச நேரம் படிச்சா கண்ணு கலங்கிப் போவுது. மூடி வச்சு ஆறப் போட்டுட்டுத் தெறந்தா, நீங்க எங்கயோ போயிருப்பீங்க. தேடிப் புடிக்கிறதுக்குள்ள என் முறை தாண்டிரும். இந்தப் புத்தகம் முடியுற மட்டும் வாரேன். அதுக்குப் பொறவு நின்னுக்கிறேன். கடைசி அத்தியாயத்த அந்த பேக்கரித் தம்பிக்குக் குடு, அவரு ராகமாப் படிப்பாரு.”

நிற்பதெல்லாம் நடக்காது, சும்மா கேட்டுக்கொண்டு இருக்கலாமே என்றேன்.

“சட்டம் போட்டவ நான்தானே” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அந்தக் கருவி மேல், அவர் சட்டத்தின் மேல், எல்லோரும் கைதட்டினார்கள் என்று ஆடிய என் மேல். நாவலில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். அது முடிந்தால் அக்கா வருவதும் முடிந்தது.

அந்த வாரம் முழுக்கக் கடை வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டேன். கூழுக்குத் திரும்பியாக வேண்டும், அதில் சந்தேகமில்லை. அக்காவின் எழுத்துப் பெரிதாகத்தான் இருக்கும். அவர் பக்கமும் எங்கள் பக்கமும் ஒருநாளும் ஒத்துப்போகாது. அவர் ரீடர், புத்தகத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு முடிந்தது என்று ஒரு கணக்குக் காட்டும். அதை வைத்துப் பிடிக்கலாமா என்று பார்த்தேன். ஒரு பங்குக்குள்ளேயே ஒரு சண்டையும் ஒரு சமாதானமும் அடங்கிவிட்டன. ஏதாவது ஒரு சொல்லைத் தட்டித் தேடச் சொல்லலாமா என்றால், அந்தத் திரையில் தமிழ் விசைப்பலகை குண்டூசித் தலை அளவுக்கு இருந்தது. கணக்கரிடம் விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அடுத்த ஞாயிறு தன் குவார்ட்டர்ஸுக்கு எல்லோரும் சாப்பிட வாருங்கள், வயிறு நிறைந்தால் வழி தெரியும் என்றார்.

அவர் குவார்ட்டர்ஸ் எஸ்டேட்டுக்கு உள்ளே. பேக்கரிக்காரர், அக்கா, நான் மூவரும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூடுபனி எங்களை விழுங்கிவிட்டது. முன்னால் நீட்டிய குடையின் நுனி தெரியவில்லை. பேக்கரிக்காரர் போனில் வரைபடத்தைத் திறந்து, அது சொன்னபடி எங்களை நடத்திக்கொண்டு போனார். சிறிது தூரம் போனதும் அந்தப் போன், சேருமிடம் வந்துவிட்டீர்கள் என்று இனிமையாக அறிவித்தது. இடுப்பளவு தேயிலைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் ஏதோ பெரிய மூச்சு விட்டது. காட்டெருமையோ என்று பயந்து பேக்கரிக்காரரின் கையைப் பிடித்தேன். அது அக்கா, ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது.

கணக்கருக்குப் போன் செய்தோம். எங்கே நிற்கிறீர்கள் என்றார். நாலாபக்கமும் வெள்ளையாக இருக்கிறது என்றேன்.

“அதெல்லாம் வேண்டாமுங்க. வழியோரமாக் கல்லு இருக்கும், அதுல என்ன நம்பருன்னு பாருங்க” என்றார்.

பேக்கரிக்காரர் தடவிக்கொண்டே போய்ச் சுண்ணாம்படித்த கல் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒன்பது என்று எழுதியிருந்தது.

“அப்ப ஒன்பதாம் நம்பர் காட்டுல நிக்கறீங்க. அந்தக் கல்லுலருந்து மேல நாலாவது வரிசை எண்ணிட்டு வாங்க, வழி வரும். அது எங்க ஊட்டு வாசலுக்குத்தான் வருது” என்றார்.

எண்ணிக்கொண்டே ஏறினோம். பேக்கரிக்காரர் நெட்டை, நான் குட்டை, அக்கா மெதுவாக வருகிறவர். பேக்கரிக்காரருக்கு ஐந்து காலடி என்றால் எனக்குப் பத்து, அக்காவுக்கு அதற்கும் மேல். ஆனால் நாலாவது வரிசை மூன்று பேருக்கும் நாலாவது வரிசையாகவே இருந்தது. வழி காலில் தட்டியபோது நான் நின்றுவிட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாளாகக் காலடிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன், செடி வரிசைகளை எண்ணவேயில்லை. பக்கம் என்பது படிப்பவரின் காலடி, ஆளுக்கு ஆள் மாறும். பத்தி மாறாது. திரை பெரியதானாலும் சிறியதானாலும் இருபதாவது பத்தி இருபதாவது பத்திதான்.

மூடுபனிக்குள் நின்று நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, குளிர் தலைக்கேறிவிட்டது என்று பேக்கரிக்காரர் முடிவு செய்தார். விளக்கிச் சொன்னேன். அக்கா குடையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“நிரையச் சொல்றியா?” என்றார். “எங்க தோட்டத்துலயும் அப்பிடித்தான். எந்த மலை, எத்தனையாவது நிரைன்னுதான் கேப்பாங்க. ஆளுக்கு ஒரு நிரை. எங்கம்மாவுக்கு வெரல் வீங்கிக் கெடந்தப்போ, பக்கத்து நிரைக்காரி தன்னுத முடிச்சிட்டு வந்து அம்மா நிரையில கொழுந்து எடுத்துக் கூடையில போட்டுட்டுப் போவா. தன் நிரை முடிஞ்சா வேற ஆளு நிரையில எறங்குறது அங்க வழக்கம்.”

கணக்கர் வீட்டில் சாப்பாடு பிரமாதம். ஆனால் இலையைப் பார்க்கவிடாமல் ஒரு வழக்கு நடந்தது. அத்தியாயத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் வழக்கு. கணக்கர், தோட்டத்தின் ஒரு பிரிவை இங்கே காடு என்றுதான் சொல்வார்கள் என்றார். அக்கா, மலை என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். கூடலூர்க்காரரான பேக்கரிக்காரர், அத்தியாயம் என்றே இருந்தால் போராதா என்று மலையாள இழுவையில் கேட்டு, இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அக்கா ஜெயித்தார். அத்தியாயம் மலையாயிற்று, பத்தி நிரையாயிற்று.

வேலை சுலபம் என்று நினைத்தேன். ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு நிரைக்கும் ஓர் எண் போட வேண்டும், அவ்வளவுதானே. எண்ணைப் பத்திக்கு வெளியே, இடப்பக்க ஓரத்தில், சின்னதாக, சாம்பல் நிறத்தில் வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணம். பேக்கரிக்காரர் போனில் அந்த எண், முதல் எழுத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. கணக்கர் மடிக்கணினியில் அது எழுத்தைவிடப் பெரிதாகி, மளிகைக்கடை விலைப்பலகை மாதிரி நின்றது. அக்காவின் ரீடரோ என் கோப்பைத் தன் வகைக்கு மாற்றிக்கொள்ளும்போது ஓரத்தையே வெட்டி எறிந்துவிட்டது. எண்ணும் அதோடு போயிற்று. மேலே வைத்தேன், கீழே வைத்தேன், கட்டத்துக்குள் வைத்தேன். ஒரு கருவிக்குப் பிடித்தது இன்னொன்றுக்கு ஆகவில்லை.

கடைசியில் என் அழகுணர்ச்சியை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டேன். எண்ணை ஓரத்தில் வைக்கவில்லை, நிறம் கொடுக்கவில்லை, சிறிதாக்கவும் இல்லை. பத்தியின் முதல் சொல்லுக்கு முன்னால், சாதாரண எழுத்தோடு எழுத்தாக, ஓர் எண், ஒரு புள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருந்தது. நான்கு கருவியிலும் ஒரே மாதிரி வந்தது. அதைக் கோயமுத்தூர் பதிப்பகத்தார் பார்த்தால் எனக்கு வேலையே தரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு கோப்பையும் அனுப்பியதில்லை.

அக்கா கடைக்கு வந்து சோதித்துப் பார்த்தார். எழுத்தை இன்னும் பெரிதாக்கினார், திரைக்கு நான்கு வரிதான் வந்தது. எண் இருந்தது. தடிமனாக்கினார், எண் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஓர் எண் சொல் என்றார். சொன்னேன். திறந்து, திரைகளைத் தள்ளித் தள்ளிப் போய்க் கண்டுபிடித்தார். நேரம் பிடித்தது.

“நீங்க எனக்காவ நிறுத்தி வக்கக் கூடாது” என்றார். “நீங்க பாட்டுக்குப் போவணும். நான் வந்து புடிச்சா இருப்பேன். புடிக்க ஏலாட்டி நின்னுக்குவேன்.”

சரி என்று சொன்னேன். வேறு வழியில்லை.

கடைசி மலையைப் படிக்கும் ஞாயிறு வந்தது. காலையிலிருந்து மழை. கீழே ஸ்டேஷனில் மலை ரயில் வந்து நின்ற சத்தம் மட்டும் கேட்டது, ரயில் தெரியவில்லை. பேக்கரிக்காரர் சூடாக வர்க்கி கொண்டுவந்தார். அதை யாரும் தொடவில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, ரீடரை எழுப்பி, ஒன்றாம் நிரையைத் தொடங்கினார். அந்தக் குரலைக் கேட்டுப் பல வாரங்களாகியிருந்தன. கதாநாயகி வயதாகி, பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து, தான் படித்த பள்ளிக்கூட வாசலில் நிற்கிற இடம். நான் என் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை அதை அவர் கவனிக்கவில்லை.

பத்தாம் நிரை முடிந்ததும் நிறுத்தினார். கண் சிவந்து நீர் வழிந்தது.

“பதினொண்ணுலருந்து தம்பி படிக்கட்டும்” என்றார். “இருபதுல நான் வாரேன்.”

பேக்கரிக்காரர் பிடித்துக்கொண்டார். அக்கா சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்தார். பதினைந்தில் கணக்கர் வாங்கினார். அவர் எப்போதும் டீ ஏலத்துக்கு வந்தவர் மாதிரி வேகமாகப் படிப்பவர். மெதுவாகப் படியுங்கள் என்று ஜாடை காட்டலாமா என்று கை துறுதுறுத்தது. வாக்குக் கொடுத்துவிட்டேன், காட்டவில்லை. பதினெட்டில் அக்கா கண்ணைத் திறந்தார். விரலால் திரையை ஒருமுறை தள்ளினார். இன்னொரு முறை. திரும்பவும். கணக்கர் பத்தொன்பதை நெருங்கிவிட்டார். அக்கா ஒரு திரை அதிகமாகப் போய், மறுபடி பின்னால் வந்தார். பேக்கரிக்காரர் தன் போனைப் பார்க்கவேயில்லை, அவரும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது முடிந்தது. கணக்கர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

அந்த மூச்சுக்குள் அக்காவின் குரல் இருபதாம் நிரையை எடுத்துக்கொண்டது.

நான் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். பேக்கரிக்காரர் வர்க்கித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். அதற்கப்புறம் அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு நான்கு வரிக்கும் திரையைத் தள்ளித் தள்ளி, அவசரப்படாமல், கடைசி நிரை வரை போனார். முடித்துவிட்டு ரீடரை மடியில் கவிழ்த்தார்.

“என் நிரை முடிஞ்சிச்சு” என்றார். “யாருக்காவது பாக்கி இருக்கா?”

நானும் பேக்கரிக்காரரும் இல்லை என்று தலையசைத்தோம். கணக்கர் மட்டும் தலையைச் சொறிந்தார். நடுவில் அவர் மடிக்கணினி தானாக அணைந்து, ஏதோ அப்டேட் என்று சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. சொன்னால் அக்கா நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, மனுஷன் வாயைத் திறக்காமல் கறுப்புத் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இருபத்து மூன்றோடு தன் பிரதி நின்றுவிட்டது என்று இப்போது ஒப்புக்கொண்டார். சட்டப்படி அவரை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று பேக்கரிக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

அக்கா கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போய்க் கணக்கருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ரீடரை இருவருக்கும் நடுவில் பிடித்து, திரைகளைப் பின்னால் தள்ளி, இருபத்து மூன்றாம் நிரையைத் தேடினார். கிடைத்ததும், அவருக்குத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டு, அங்கிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.